பங்களாவுக்கு வந்த முட்டுவலி

பதவி போன சேதி ஞானசம்பந்தத்துக்கு ரிப்பன் வெட்டப் போகும்போது வந்து சேர்ந்தது.

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு பயணியர் நிழற்குடை. அதைத் திறந்து வைக்க மந்திரி சென்னையிலிருந்து வந்திருக்கிறார். மேளம் முழங்குகிறது. தட்டில் கத்திரிக்கோலை நீட்டிக்கொண்டிருந்தவரின் சட்டைப் பையில் போன் கிணுகிணுத்தது. அவர் எடுத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் தங்கள் தங்கள் போனைப் பார்த்தார்கள். தட்டு ஓரடி பின்னால் போனது. மேளக்காரரிடம் போன் இல்லை. அவர் ஒருவர்தான் கடைசிவரை மரியாதையாக அடித்துக்கொண்டிருந்தார்.

உதவியாளர் விஜயசங்கர் காதோரம் குனிந்தான்.

"அய்யா, மந்திரிசபைய மாத்திட்டாவளாம்."

"அப்படியா? எனக்கு என்ன துறை?"

"துறை ஒண்ணும் இல்லய்யா."

ஞானசம்பந்தம் கத்திரிக்கோலுக்குக் காத்திருக்கவில்லை. ரிப்பனைக் கையாலேயே இழுத்து அறுத்தார். மந்திரி பதவியைத்தானே எடுத்துக்கொண்டார்கள்? எம்.எல்.ஏ. பதவி ஜனங்கள் கொடுத்தது, அப்படியே இருக்கிறது. நிழற்குடை திறந்தது. முதல் பயணியாக அவரே உள்ளே போய் உட்கார்ந்தார்.

பாவம், அவருடைய துறையின் பெயர் மிக நீளம். அதை ஒரே மூச்சில் சொல்ல அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. மூச்சு பழகியதும் துறை போய்விட்டது.

அரசாங்கக் கார் போய்விட்டதால் விஜயசங்கரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பினார். சாரல் முகத்தில் அடித்தது. அந்தச் சாரலில்தான் அவருடைய மகத்தான தீர்மானம் பிறந்தது.

"விஜயா, பதவி போனா போட்டும். பங்களா போகக் கூடாதுடே."

சென்னையில் அவருக்குக் கொடுத்திருந்த அரசு பங்களாவைத்தான் சொன்னார். வாசலில் துப்பாக்கியோடு காவல், முன்னால் புல்வெளி, பெயர்ப் பலகையில் தங்க எழுத்து. பங்களாவில் இருக்கும்வரை ஜனங்கள் மந்திரி என்றுதான் நினைப்பார்கள். அடுத்த முறை மந்திரிசபையை மாற்றும்போது தலைமைக்கும் ஞாபகம் வரும். பஸ்ஸில் ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டுவைத்தால் இடம் நமக்குத்தானே? பங்களா அவருடைய துண்டு.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்யா," என்றான் விஜயசங்கர். "தகுந்த காரணம் சொன்னா நீட்டிப்பாவ. எல்லாரும் பிள்ளைக்குப் பரீட்சைன்னுதான் சொல்லுதது."

"நம்ம ஸ்வாதிக்கு என்ன பரீட்சை இருக்கு?"

"பாப்பாவுக்கே பெங்களூர்ல ஒரு பாப்பா இருக்கேய்யா."

"அப்ப எனக்கு நெஞ்சுவலின்னு சொல்லுவோமா?"

விஜயசங்கர் வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டான். "வேண்டாம்யா. அடுத்தாப்புல மந்திரி ஆக்கும்போது, பாவம் நெஞ்சுவலிக்காரரு, ஓய்வு எடுக்கட்டும்னு விட்டுருவாவ."

நியாயம்தான். அரசியல்வாதிக்கு வியாதி வரக் கூடாது. வந்தால் அவன் பெண்டாட்டிக்குத்தான் வர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சென்னையிலிருந்த மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏட்டி லோகு, உனக்கு முட்டுவலி."

"எனக்கா? யாரு சொன்னா?"

"நான் சொல்லுதேன்."

"மந்திரி வேலை போயி ஒரு மணி நேரந்தான ஆவுது? அதுக்குள்ள டாக்டராயிட்டீயளா?"

லோகநாயகி இப்படித்தான். துக்கம் விசாரிக்கும்போதும் ஒரு குத்து இருக்கும். ஞானசம்பந்தம் பொறுமையாக விளக்கினார்.

"சாமான் கட்டணும்னா வீட்டுக்காரி வேணும். வீட்டுக்காரி படுத்த படுக்கை. எந்த மனுசன் வந்து காலி பண்ணுன்னு சொல்லுவான்? நீ ரயிலேறித் தென்காசிக்கு வா. கட்டில்ல படு. வைத்தியம் நடக்குன்னு சொல்லிக்கிடலாம். படுக்கதுதான் உன் வேலை."

"எத்தன நாளைக்கு?"

"நான் எந்திரின்னு சொல்லுத வரைக்கும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீங்க சொன்னா சரிதான்," என்றாள் லோகநாயகி.

புத்தியுள்ள புருஷன் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் போனைக் கீழே போட்டிருப்பான். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வாக்கியம் அது. ஞானசம்பந்தமோ ஐயோ பாவம், பூரித்துப்போனார்.

"ஆனா ஒண்ணு," என்றாள். "படுத்தா முழுசாப் படுப்பேன். பாதி படுத்து பாதி எந்திரிச்சா குட்டு வெளிப்பட்டுரும். பெட்டி தூக்க விஜயன இங்கன அனுப்பிவைங்க."

அந்தப் பங்களாவில் லோகநாயகி இரண்டு வருஷம் எப்படி இருந்தாள் என்பதை அவர் கேட்டதில்லை. அவள் சொல்லாமலும் இல்லை. "என் அடுப்ப நான் பத்தவைக்க ஒரு ஆள்ட்ட கேக்கணுமா?" என்று கேட்டிருக்கிறாள். அங்கே சமையலுக்கு ஆள் உண்டு. நாற்காலி, மேசை, கட்டில் எல்லாம் அரசாங்கத்தினுடையது, ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் எண். சுவரில் சாமி படம் மாட்ட ஓர் ஆணி அடிக்க யாரிடமோ சொல்லி, அவர் யாரிடமோ சொல்லி, ஆணி வருவதற்குள் அந்தச் சாமியின் திருவிழாவே முடிந்துவிடும். ஈரத் துணி உதற வாசலுக்கு வந்தால் துப்பாக்கிக்காரர் விறைப்பாக சல்யூட் அடிப்பார். அவள் துணியை உதறாமலே உள்ளே வந்துவிடுவாள். எப்போதடா ஊருக்குப் போவோம் என்று அவள் ஏங்கியது ஞானசம்பந்தத்தின் காதில் விழவில்லை. மந்திரி காதில் எதுதான் விழுந்தது?

விஜயசங்கர் சென்னைக்குப் போனான். சில நாள் கழித்துப் பொதிகை ரயிலில் லோகநாயகி வந்து இறங்கினாள். ஒரு கையில் கம்பு. மறு கை விஜயசங்கரின் தோளில். முகத்தில் அப்படியொரு வேதனை. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் "ஐயோ பாவம்" என்றார்கள். ஞானசம்பந்தத்துக்கே ஒரு நிமிஷம் கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் ஏறிப் படுத்தாள். முட்டுக்குக் கீழே தலையணை. மேலே மின்விசிறி.

"இசக்கிசெல்விய என்ன செய்யப் போறீய?" என்று கேட்டாள். இசக்கிசெல்வி அந்த வீட்டில் வேலை செய்கிறவள். "அவ கண்ணுல நான் நடமாடுதது பட்டா, சாயங்காலத்துக்குள்ள சுரண்டை வரைக்கும் தெரிஞ்சுரும்."

"சம்பளத்தோட லீவு கொடுத்துருதேன்," என்றார் ஞானசம்பந்தம் உடனே. "சீசன் முடிய வரவே வேண்டாம்னு சொல்லிருதேன்."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது இப்படித்தான். இசக்கிசெல்வி கும்பிட்டுவிட்டுப் பறந்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"சரி, ஒரு காப்பி போடு."

லோகநாயகி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் சேத்துப் போடுங்க. சீனி கம்மியா."

"ஏட்டி, இப்ப யாரு பாக்கப் போறா?"

"அடுக்களைச் சன்னலுக்கு நேரா தங்கத்தாய் வீடு. அவ எந்நேரமும் அங்கனதான் நிக்கா. நான் அடுப்படியில நிக்கதப் பாத்தா என்ன ஆவும்? உங்களுக்குப் பங்களா வேணுமா, காப்பி வேணுமா?"

ஞானசம்பந்தம் அடுக்களைக்குள் போனார். காப்பித்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடியதில் கடுகு கொட்டியது. பால் பொங்கியது. அவர் சட்டசபையில் கூட அவ்வளவு வியர்த்ததில்லை.

கடையிலிருந்து சாப்பாடு வாங்கிக்கொள்ளலாம் என்று அடுத்த யோசனை. அதற்கும் கட்டிலிலிருந்து பதில் வந்தது. "எண்ணெய் வைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கீய. பத்தியத்துக்காரி ஓட்டல் பிரியாணி சாப்பிடுதான்னு தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? புளி இல்லாம ஒரு ரசம் வைங்க. கொத்தமல்லித் துவையல் அரைங்க. போதும்."

சமாளித்திருப்பார். ஆனால் அது சீசன். தென்காசியில் சாரல் விழ ஆரம்பித்தால் மண்ணுக்குள்ளிருந்து சொந்தக்காரர்கள் முளைப்பார்கள். மதுரைக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் குற்றாலத்தில் குளிக்க வந்தால் இறங்குவது தென்காசி வீட்டில். வருஷா வருஷம் ஞானசம்பந்தமே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "என்ன, லாட்ஜில தங்கப் போறீரா? நம்ம வீடு எதுக்கு இருக்கு?" என்று கோபித்துக்கொள்வார். குளித்துவிட்டு வருகிறவனுக்கு எப்படிப் பசிக்கும் என்பது குற்றாலத்தில் குளித்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பசிக்குச் சோறு போட்டவள் லோகநாயகி.

இந்த வருஷம் அதோடு நோயாளியைப் பார்க்க வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அருவிக்கு வந்தவர்கள் ஈரத் தலையோடு அப்படியே ஒரு எட்டு வந்து பார்த்தார்கள். பார்க்க வந்தவர்கள் அப்படியே ஒரு எட்டு அருவிக்குப் போய்த் திரும்பவும் வந்தார்கள். கடையத்திலிருந்து கட்சிக்காரர்கள் வந்தார்கள். சுரண்டையிலிருந்து மச்சினன் குடும்பம் வந்தது. கையில் ஆரஞ்சுப் பழம், வாயில் வைத்தியம். பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கதையைத் தொடங்கினால் பொழுது போவது தெரியாது. கட்டிலிலிருந்து அடிக்கடி ஒரு குரல் மட்டும் அடுக்களைக்கு வரும்.

"ஏங்க, சித்தி வந்திருக்காவ."

"ஏங்க, பெரிய மதினி காப்பி குடிக்க மாட்டாவ. பால்."

செங்கோட்டையிலிருந்து வந்த பெரியத்தை பார்வதியம்மாள் கட்டில் காலடியில் பாயை விரித்துவிட்டாள். அவள் பேச்சில் பாதி மலையாளம்.

"மருமவனே, கொறச்சு சுக்குவெள்ளம் கொண்டா. ஒருபாடு இனிப்பு வேண்டாம்."

"அத்தை எத்தன நாள் இருப்பீய?"

"லோகு எந்திரிச்சு நடக்கத என் கண்ணால பாத்துட்டுத்தான் போவேன்."

ஞானசம்பந்தம் சுக்குத் தண்ணீர் போடச் சுக்கைத் தட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டியதில் அது மாவாகிவிட்டது.

ஒரு நாள் சபாரி சூட் போட்ட ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டினார். அடுக்களையில் குழாயைத் திறந்து மூடினார். நோயாளியைச் சோதிக்க மேலிடத்திலிருந்து ஆள் வந்துவிட்டது என்று ஞானசம்பந்தம் முடிவுகட்டினார். அவரை உட்காரவைத்து உளுந்தவடையும் கேசரியும் தன் கையாலேயே செய்து பரிமாறினார். "எங்க வீட்ல எந்திரிக்கவே முடியாமக் கிடக்கா சார்," என்று உருகினார். கட்டிலிலிருந்து ஏற்ற இறக்கத்தோடு முனகல் வந்தது. சபாரி சூட் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பையைத் திறந்தார். குடிதண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிறவராம். தவணையிலும் தருவாராம்.

"கேசரியில நெய் கம்மி," என்றாள் லோகநாயகி அவர் போனபின். முனகியபடியே ருசி பார்த்திருக்கிறாள்.

"ஆபீஸ்ல பேசினியாடே?" என்று தினமும் விஜயசங்கரைக் கேட்பார். தானே பேச அவருக்கு நாக்கு வரவில்லை. 'முன்னாள்' என்று சொல்லித்தானே ஆரம்பிக்க வேண்டும்?

"பரிசீலனையில இருக்குய்யா," என்பான் விஜயசங்கர், தரையைப் பார்த்துக்கொண்டு.

பிறகுதான் ஜெயபிரியா வந்தாள். உள்ளூர் யூடியூப் செய்தி சேனல் நடத்துகிற பெண். பதவி போனது பற்றி ஒரு பேட்டி கேட்க வந்தவள், முன்னாள் மந்திரி தோளில் துண்டோடு தோசைக்கல் முன்னால் நிற்பதைப் பார்த்தாள். கேட்காமலே எடுத்துவிட்டாள். அவர் தோசையைத் திருப்புவது, முறுகலாக எடுத்து மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, "இன்னும் ஒண்ணு வைக்கட்டா?" என்று கேட்பது எல்லாம் அதில் இருந்தது. பொழுது சாய்வதற்குள் அந்த வீடியோ மாவட்டத்தில் எல்லாப் பெண்களின் போனுக்கும் போய்விட்டது.

இரண்டு வருஷம் அவர் திறந்த பாலங்கள், நட்ட கன்றுகள், ஆற்றிய உரைகள் ஒன்றும் தராத புகழை அந்தத் தோசை தந்தது. மறுநாளிலிருந்து லோகநாயகியைப் பார்க்க யாரும் வரவில்லை. அவரைப் பார்க்க வந்தார்கள். வீரகேரளம்புதூரிலிருந்து பெண்கள் வேன் பிடித்து வந்து, அருவிக்குப் போகும் வழியில் இறங்கி, அடுக்களை வாசலில் நின்றார்கள். புருஷன்மார்களையும் இழுத்து வந்திருந்தார்கள். "நல்லாப் பாத்துக்கிடும்," என்று சொல்லிக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்குத் தோசையும் வேண்டியிருந்தது.

அவர் கை கொப்பளித்தது. இடுப்பு வலித்தது. உட்கார்ந்து ஒரு காப்பி குடித்து எத்தனை நாளாயிற்று! வெளியே மேற்கு மலையை மேகம் மூடியிருக்கிறது, அருவியில் தண்ணீர் கொட்டுகிறது. கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு அவர் ஒரு முழுக்குக் கூடப் போடவில்லை.

கடைசியில் ஒரு தூதுக்குழு வந்தது. எல்லாம் ஆண்கள். அடுத்த வீட்டுத் தங்கத்தாயின் புருஷன் மாடன் முன்னால் நின்றார். எதிர்க்கட்சி ஆட்கள் நாலு பேரும் இருந்தார்கள். இந்த விஷயத்தில் கட்சி வேற்றுமை இல்லையாம்.

"அண்ணாச்சி, எங்க பொழப்புல மண்ணப் போடாதீய," என்றார் மாடன்.

"நான் என்ன செஞ்சேன்?"

"என்ன செஞ்சேனா? 'அண்ணாச்சி மந்திரியா இருந்தவரு, அவரே மாவாட்டுதாரு, நீரு என்ன கலெக்டரா?'ன்னு கேக்கா. விடியக்காலையில இருந்து நான் வெங்காயம் உரிக்கேன். கண்ணப் பாருங்க."

கண் சிவந்துதான் இருந்தது.

"மதினிய எப்படியாவது எந்திரிக்க வைங்க," என்றார் இன்னொருவர். "இல்லன்னா அடுத்த எலக்‌ஷன்ல ஒத்த ஆம்பள ஓட்டு கூட உங்களுக்குக் கிடையாது. சொல்லிட்டோம்."

அவர்களை அனுப்பிவிட்டு ஞானசம்பந்தம் நேராகக் கட்டிலுக்குப் போனார். பெரியத்தை அருவிக்குப் போயிருந்தாள். லோகநாயகி ஆரஞ்சுச் சுளையை உரித்து விதை எடுத்துக்கொண்டிருந்தாள். படுத்துக் கிடந்ததில் கன்னம் பளபளவென்று இருந்தது.

"எந்திரிட்டி."

"எதுக்கு?"

"போதும். பங்களாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எந்திரி."

"ஐயோ, என்ன பேச்சு இது? மறுபடி மந்திரி ஆகணும்லா?"

"மந்திரியாவது மண்ணாங்கட்டியாவது! மனுசன் உக்காந்து ஒரு வாய்க் காப்பி குடிச்சாப் போதும்." வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார். "விஜயா! எலே விஜயா! ஆபீசுக்குப் போன் போடு. வீட்டக் காலி பண்ணுதோம்னு சொல்லு. இன்னைக்கே சாவியக் கொடுத்துருவோம்."

சொல்லி முடித்தபின் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தார், வரவில்லை. நெஞ்சு லேசாக இருந்தது. இரண்டு வருஷமாகப் போன் அடித்தாலே, பதவி இருக்கிறதா போய்விட்டதா என்று பதறிய நெஞ்சு. இனிமேல் போவதற்கு ஒன்றும் இல்லை. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார்.

விஜயசங்கர் போனைத் தொடவில்லை. தரையைப் பார்த்தான். பிறகு லோகநாயகியைப் பார்த்தான்.

"சொல்லிரு விஜயா," என்றாள் லோகநாயகி. "இனிமே என்ன இருக்கு?"

"அய்யா, சாவியக் கொடுத்தாச்சுய்யா. அம்மா ரயிலேறின அன்னைக்கே கொடுத்தாச்சு."

ஞானசம்பந்தம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"சாமானு?"

"நமக்குன்னு அங்கன என்னய்யா இருந்துச்சு? சாமி படமும், கிரைண்டரும், உங்களுக்குப் போட்ட பொன்னாடையுந்தான். எல்லாம் சுரண்டையில உங்க மச்சினரு கடையில கிடக்கு."

"அப்ப நீ நீட்டிக்கச் சொல்லிக் கேட்டது?"

"கேக்கலய்யா."

"பரிசீலனையில இருக்குன்னு தினமும் சொன்னியே?"

"அம்மா பரிசீலிச்சிக்கிட்டு இருந்தாவ."

ஞானசம்பந்தம் மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு சுளையை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"சாவிதான் கொடுத்தாச்சே. பொறவு எதுக்குட்டி படுத்துக் கிடந்த?"

"நீங்கதான படுக்கச் சொன்னீய?"

"அது பங்களாவுக்காக."

"எதுக்காகவோ. நீங்க ஒருத்தராவது சொன்னீயள்லா?" லோகநாயகி எழுந்து உட்கார்ந்தாள். "கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து பாக்கேன். சீசன் வந்தா ஊர் உலகமே அருவியில நிக்கும், நான் அடுப்படியில நிப்பேன். குளிச்சிட்டு வாரவியளுக்கு இட்லி அவிச்சே எனக்குச் சீசன் போயிரும். நீ செத்த நேரம் படுன்னு ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்ல. போன்ல நீங்க சொன்னீய. நெசமாச் சொல்லுதேன், எனக்கு அழுகை வந்துட்டு. பொய்யின்னாலும் பரவாயில்ல, படுத்துக்கிடுவோம்னு நெனச்சேன்."

கோபப்பட வேண்டிய இடம். ஞானசம்பந்தம் கோபத்தைத் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை. கொப்பளித்த கையைத்தான் பார்த்தார். எத்தனை சீசனுக்கு அவளுடைய கை இப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"கிளம்பு," என்றார். "அருவிக்குப் போவோம்."

மெயின் அருவியில் நல்ல தண்ணீர். பாறை தெரியாமல் வெள்ளையாகக் கொட்டியது. லோகநாயகி கம்பை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள். பெண்கள் பக்கத்துக் கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தவள், போலீஸ்காரி விசில் ஊதும்வரை வெளியே வரவில்லை. வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். அங்கே தங்கத்தாயும் நின்றாள்.

"ஏ மதினி! முட்டுவலி?"

"அருவியில நின்னேன். ஓடிப்போயிட்டு."

அதற்குமேல் யார் என்ன கேட்க முடியும்? குற்றாலத்துத் தண்ணீர் பட்டால் தீராத வியாதி இல்லை என்று எல்லா மேடையிலும் பேசியவர் அவள் புருஷன்.

அடுத்து ஞானசம்பந்தத்தின் முறை. குற்றாலத்தில் ஒருவர் குளித்தால் ஒருவர் வெளியே நின்று துணியும் போனும் காக்க வேண்டும். சட்டை, வேட்டி, போன் எல்லாவற்றையும் மனைவி கையில் கொடுத்துவிட்டு அருவிக்குள் போய் நின்றார். தண்ணீர் தலையில் இறங்கியது. முதுகில் இறங்கியது. இடுப்பு வலியைத் தட்டித் தட்டி எடுத்தது. மந்திரி என்று யாரும் வழிவிடவில்லை. பக்கத்தில் நின்றவர் முழங்கையால் இடித்தார். இவரும் இடித்தார். எவ்வளவு சுகமாக இருந்தது! இந்தச் சுகத்தை விட்டுவிட்டு ஒரு பெயர்ப் பலகைக்கா தோசை சுட்டோம் என்று சிரிப்பு வந்தது.

வெளியே வந்து தலை துவட்டும்போது லோகநாயகி போனைக் கொடுத்தாள்.

"சென்னையில இருந்து பேசினாவ. கட்சித் தலைமையில இருந்து."

துண்டு அப்படியே நின்றது.

"என்னவாம்?"

"உங்க தோசை வீடியோவப் பாத்தாவளாம். பொம்பளைங்க ஓட்டு பூரா உங்க பின்னாலதானாம். இன்னும் ஒரு மாசத்துல மந்திரிசபையில ஒரு இடம் காலியாவுதாம். உங்களுக்கே மறுபடி கொடுக்கலாம்னு பேச்சாம். அதே பங்களாதானாம்."

லேசாகியிருந்த நெஞ்சு திக்திக் என்று அடிக்க ஆரம்பித்தது. "நீ என்ன சொன்ன?"

"காலையில நீங்க என்ன சொன்னீயளோ அதத்தான். மந்திரியாவது மண்ணாங்கட்டியாவதுன்னு அப்படியே சொல்ல முடியுமா? மரியாதையாச் சொன்னேன். அவியளுக்கு முட்டுவலி, படுத்த படுக்கையாக் கிடக்காவ, ஒரு வருஷத்துக்கு அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு சொல்லிட்டேன். பாவம், ரொம்ப வருத்தப்பட்டாவ."

ஞானசம்பந்தம் நின்றுபோன துண்டை மறுபடி தலையில் தேய்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே தேடிப் பார்த்தார். திக்திக் அடங்கிக்கொண்டு வந்தது. அடங்கிய இடத்தில் பழைய அப்பாடா அப்படியே உட்கார்ந்திருந்தது.

"சரி, வா, வீட்டுக்குப் போவோம்," என்று நடந்தார்.

"அங்கன பாருங்க, எண்ணெய்க் கடை ஓரத்துல. ஜெயபிரியா கேமராவோட நிக்கா."

ஞானசம்பந்தம் பெருமூச்சு விட்டு, மனைவி தோளில் ஒரு கையை வைத்து, இடது காலை இழுத்து இழுத்து நொண்டத் தொடங்கினார்.

"அந்தக் கால் இல்லங்க," என்றாள் லோகநாயகி, சிரித்த முகம் மாறாமல். "வலது கால்னு சொல்லியிருக்கேன்."